‘லீவ்’ என்ற சொல்லும் புத்தூர்க் கனகலிங்கமும்

போன மாதம் உங்களில் இருவர் பண்டத்தரிப்பில் உள்ள என் வீட்டுக்கு வந்து ஒரு சொற்பட்டியலைக் காட்டினீர்கள். வைத்தியசாலைகளில் உரைபெயர்க்க வரும் புதியவர்களுக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள். நல்ல பட்டியல். நோய்களின் பெயர்கள், மருந்துகளின் பெயர்கள், உடம்புக்குள் ஒளிந்திருக்கும் சின்ன எலும்புகளின் பெயர்கள் என்று எல்லாமே நீளமான சொற்கள். இன்னும் எதையாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டீர்கள். ‘லீவ்’ என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். ரீச்சருக்கு வயது போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டுவிட்டீர்கள். அன்றைக்குச் சொல்ல வாய்க்காததை இப்போது எழுதுகிறேன்.

லீவ் எங்களுக்குப் பழகிய சொல். பள்ளிக்கூடம் லீவு, கந்தோர் லீவு என்று நாங்கள் அதற்கு ஓர் உகரம் சேர்த்து வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டோம். ஆனால் ஆங்கில அகராதியைத் திறந்தால் அதன் பொருள்கள் பக்கம் தாண்டி ஓடும். ஓர் ஊரிலிருந்து புறப்படுவது லீவ். குடையை பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு இறங்குவது லீவ். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அயல்வீட்டில் ஒப்படைப்பது லீவ். காணியை மகளுக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடுவது லீவ். கட்டியவளைக் கைவிட்டுப் போவதும் லீவ். ஒன்றைக் கிளறாமல், தொடாமல், அது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சும்மா இருப்பதும் அதே லீவ்தான்.

இதற்கு ஒத்த சொற்களை மனப்பாடம் செய்வீர்கள். டிப்பார்ட், அபண்டன், என்ட்ரஸ்ட் என்று ஒரு வரிசை வரும். அவற்றின் முகங்களைக் கவனியுங்கள். டிப்பார்ட் கையில் பெட்டியோடு வாசலில் நிற்கும். அபண்டன் தலைகுனிந்து நிற்கும், அதில் ஒரு குற்றம் இருக்கிறது. என்ட்ரஸ்ட் சொல்லும்போதே ஒரு கை இன்னொரு கையைப் பிடிக்கும். லீவ் மட்டும் முகத்தில் ஒன்றையும் காட்டாது. பேசுகிறவரின் குரலையும் அந்த நேரத்தையும் பார்த்துத்தான் அது என்ன சொல்கிறது என்று அறிய வேண்டும்.

எங்கள் ‘விடு’வும் ஏறக்குறைய அப்படிப்பட்ட சொல். லீவும் விடுவும் எதிரெதிரே வந்தால் மொழிபெயர்ப்பவருக்கு ஒரு சந்தோசம் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து மற்றதை வைக்கலாம் போல் இருக்கும். நானும் அப்படி வைத்திருக்கிறேன்.

முதல் தடவை அது சிரிப்போடு போயிற்று. ஆங்கிலம் படிப்பித்த வேலையை விட்டு, வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றில் உரைபெயர்க்கச் சேர்ந்த புதிது. தென்மராட்சியில் ஒரு கிராமக் கூட்டம். வந்திருந்த வெள்ளைக்காரப் பெண் பேசி முடிக்கும்போது, இந்தக் கேள்விகளை உங்களிடம் லீவ் செய்கிறேன், யோசியுங்கள் என்று பொருள்படச் சொன்னாள். நான், கேள்விகளோடு உங்களை விட்டுவிட்டுப் போகிறா என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு மனிதர் எழுந்து, வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் ஏன் போகிறா, கிணறு கட்டித் தருவதாகச் சொன்னது என்ன மாதிரி என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததால் அதிலிருந்து நான் ஒன்றும் படிக்கவில்லை.

இனிச் சொல்லப் போவதில் சிரிப்பு இல்லை. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

அப்போது எனக்கு ஐம்பது வயது. போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டிலிருந்து சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிலர் வந்து, உடம்பில் ஷெல் துண்டுகளோடு வாழ்கிறவர்களைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படியானவர்கள் எத்தனையோ பேர். கார்த்திகை மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நாங்கள் இருந்த மண்டபத்தின் கூரையில் மழை விழுகிற சத்தத்தில், பக்கத்தில் இருக்கிறவரின் குரலே தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் கேட்டது. காலையிலிருந்து எத்தனை பேருக்கு உரைபெயர்த்தேன் என்ற கணக்கு எனக்கு விட்டுப் போயிருந்தது.

பின்னேரம் போல் கனகலிங்கம் வந்தார். புத்தூர்க்காரர், வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முதுகெலும்புக்குப் பக்கத்தில் நகத்தளவு இரும்பு ஒன்று பல வருடமாகக் கிடந்தது. குனிந்து வேலை செய்தால் வலி, சில நாட்களில் இடது கால் விறைப்பு. வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நீளமாகச் சொன்னார். துண்டு நரம்புக்கு மிக அருகில் இருக்கிறது. எடுக்கப் போனால் கால் வழங்காமல் போகலாம். எடுக்காவிட்டால் அது அங்கேயே பேசாமல் கிடக்கும், பலர் அப்படி முழு ஆயுளும் வாழ்கிறார்கள். கடைசியில் கனகலிங்கத்தின் தோளில் மெல்லத் தட்டி, ‘லீவ் இற்’ என்றார்.

அவருக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள். நீளமாகச் சொன்னதை நான் சுருக்கினேன்.

“உதை விட்டிடுவம் எண்டு டொக்டர் சொல்லுறார், அண்ணை.”

கனகலிங்கம் என் முகத்தைப் பார்த்தார். “அப்ப, விட்டாச்சு?” என்று கேட்டார்.

நான் அடுத்தவரின் மருத்துவக் குறிப்புக் கோவையை விரித்துக்கொண்டிருந்தேன். “ஓம். விட்டாச்சு” என்றேன்.

அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். வைத்தியரைக் கும்பிட்டார். தாதி எழுதிக் கொடுத்த கிளினிக் மட்டையை இரண்டு கையாலும் வாங்கி மடிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்தார். மழைக்குள் இறங்கி நடந்து போனார். இவ்வளவும் எனக்கு இன்றைக்கும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. ஆனால் அந்த நேரம் நான் அதைப் பார்த்ததாகவே நினைவில்லை. கண் பார்த்து எங்கேயோ வைத்திருக்கிறது, பிறகு தருவதற்கு.

தை மாதம் பொங்கல் முடிந்து ஒரு சனிக்கிழமை. மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். ஆஞ்சநேயர் கோவில் பக்கம் வெற்றிலை மாலை வாங்கிக்கொண்டு நின்ற ஒரு பெண் என்னைக் கண்டு சிரித்தா. அன்று மண்டப வாசலில் காத்திருந்த யோகம், கனகலிங்கத்தின் மனைவி. எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அமைதியாக இருக்கிறார், இந்த முறை தோட்டம் செய்யவில்லை என்றா. ஏன், வலி கூடிவிட்டதா என்று கேட்டேன்.

யோகம் என்னை விளங்காமல் பார்த்தா. “நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள், டொக்டர்மார் கைவிட்டிட்டினம் எண்டு. ஆறு மாசத் தவணையும் மட்டையிலை எழுதித் தந்தவை.”

சந்தைச் சத்தம் முழுக்க ஒரு கணம் தூரத்துக்குப் போயிற்று. மட்டையில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தது அடுத்த முறை வந்து காட்ட வேண்டிய காலம். அதை அந்த மனிதர் தனக்கு மிச்சமிருக்கிற ஆயுள் என்று படித்திருக்கிறார். கார்த்திகையிலிருந்து ஏழு கிழமையாக அந்த வீட்டில் நாட்கள் கழிந்துகொண்டிருந்திருக்கின்றன.

அவ்விடத்திலேயே யோகத்தின் கையைப் பிடித்து, இல்லை அக்கா, அவருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. ஒரு தடவை நினைவை நம்பிச் சொல்லிக் கெடுத்தவள், இரண்டாவது தடவையும் நினைவை நம்பக்கூடாது என்று பட்டது. நாளை பின்னேரம் வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அன்றே வைத்தியசாலையில் இருந்த எங்கள் டொக்டரைத் தொலைபேசியில் பிடித்து, வெள்ளைக்காரர் எழுதிவைத்த குறிப்பைத் தேடி வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தார். நடந்ததைச் சொன்னேன். வியாழக்கிழமை ஆளைக் கூட்டி வாருங்கள், நான் விளக்கமாகச் சொல்கிறேன் என்றார். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

இரண்டு பஸ் மாறிப் புத்தூருக்குப் போனேன். அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சூடாகிறது. ஏனென்றால் வழி முழுக்க நான் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். புதிய ரிப்போர்ட் வந்திருக்கிறது, நல்ல சேதி, வெளிநாட்டு டொக்டர்மார் படத்தைத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். இப்படிச் சொன்னால் எல்லோருக்கும் சந்தோசம். ஒருவரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. ஜன்னலுக்கு வெளியே சிவந்த மண் பாத்திகளில் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொய் அவ்வளவு இதமாக இருந்தது. தூக்கம் வருகிற மாதிரி இருந்தது.

வீடு பஸ் தெருவிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது. முற்றத்து மாமரத்தின் கீழ் கனகலிங்கம் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் முகம் கழுவி எடுத்தது போல் தெளிவாக இருந்தது. பக்கத்தில் ஒரு வாங்கில் இன்னொரு மனிதர் இருந்து, புளியம்பழம் உடைத்துக் கோதை ஒரு பக்கமும் பழத்தை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கதைக்கவில்லை. கதைக்கத் தேவையில்லாதவர்கள் போல் இருந்தார்கள். இலைகளுக்குள்ளால் விழுந்த வெயில் அவர்கள் மேல் ஊர்ந்தது. யாரோ காணும் கனவுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல எனக்கு இருந்தது.

மற்றவர் கனகலிங்கத்தின் அண்ணன் வல்லிபுரம், அடுத்த வளவுக்காரர். யோகம் தேத்தண்ணி போடும்போது குசினிக்குள் வைத்து எனக்கு மெல்லச் சொன்னா. இரண்டு பேருக்கும் ஒரு பங்குக் கிணறு. ஒரு கோடையில் ஒருவரின் இறைப்பு நாளில் மற்றவர் மிஷினைப் போட்டு இறைத்துவிட்டாராம். தம்பியின் புகையிலை வாடிப் போயிற்று. அன்றிலிருந்து பதினொரு வருடம் சகோதரங்கள் இரண்டும் முகம் பார்க்கவில்லை. வேலியில் ஆள் நுழைந்து போய்வர இருந்த பொட்டையும் அடைத்துவிட்டார்கள். கிளினிக்கிலிருந்து வந்த மூன்றாம் நாள் கனகலிங்கம் தானே போய் அந்தப் பொட்டைத் திறந்து, அண்ணன் வீட்டுப் படியில் போய் இருந்தாராம். நான் இனிக் கமம் செய்யமாட்டேன், என்ரை தண்ணி முறையையும் நீங்களே எடுங்கோ என்றாராம். இந்தப் பொங்கலுக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே பானை. அந்தத் தண்ணியை நம்பி வல்லிபுரம் இன்னும் ஆறு பரப்புக் காணியில் புதிதாக வெங்காயம் வைத்திருந்தார்.

தேத்தண்ணிக் கோப்பையோடு முற்றத்துக்கு வந்தேன். நான் சொல்லப் போகிற நல்ல சேதி இந்த முற்றத்தில் எதையெல்லாம் உடைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கனகலிங்கம் என்னைக் கண்டு உண்மையாகவே சந்தோசப்பட்டார். வலிகூடக் குறைஞ்சு போச்சு ரீச்சர் என்றார். விடிய எழும்பி இந்த மரத்தின் கீழ் வந்திருந்தால் பொழுதுபடும் வரை அலுக்கவில்லை, இத்தனை வருடமும் இந்த மரத்தில் இவ்வளவு குருவி இருந்தது தனக்குத் தெரியாது என்றார். உங்களோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றேன்.

“அண்ணை இருக்கட்டும்” என்றார். “அவருக்குத் தெரியாத கதை இப்ப என்னட்டை ஒண்டும் இல்லை.”

புதிய ரிப்போர்ட் என்ற சொல் நாக்கின் நுனியில் நின்றது. இவ்வளவு வெளிச்சமாக இருக்கிற மனிதரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

“அண்ணை, டொக்டர் உங்களைக் கைவிடேல்லை. அந்த இரும்பைத்தான் எடுக்காமல் விடச் சொன்னவர். அது தன்ரை பாட்டிலை கிடக்கும், உங்கடை உயிருக்கு ஒண்டும் செய்யாது. ஆறு மாசம் எண்டது நீங்கள் திரும்பப் போய்க் காட்டிற நாள். நான் வடிவாச் சொல்லேல்லை. நீங்கள் கேட்டதையும் வடிவாக் கேக்கேல்லை. பிழை என்ரை.”

குசினி வாசலில் நின்ற யோகம் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டா. கனகலிங்கம் சட்டைப் பையிலிருந்து மட்டையை எடுத்து, அதில் எழுதியிருந்ததைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். வல்லிபுரம் மடியில் இருந்த புளியங்கோதுகளைத் தட்டிவிட்டு எழுந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. பொட்டுக்குள்ளால் குனிந்து தன் வளவுக்குப் போய்விட்டார்.

நாங்கள் மூவரும் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கனகலிங்கம் கடைசியில் மெல்லச் சொன்னார். “இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் ரீச்சர்.”

பிள்ளைகளே, இந்த வேலையில் எனக்குக் கிடைத்த வசைகள் பல. ஆத்திரத்தில் ஏசியவர்கள் இருக்கிறார்கள். எதுவும் இதுபோல் என்னைத் தொடவில்லை. கோபமில்லாமல், உண்மையாகவே வருந்திச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. சாவு வரும் என்று சொன்னதற்கா, வராது என்று சொன்னதற்கா? அதனால் கேட்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. சொன்னது போய்ச் சேருகிற மட்டும் பக்கத்தில் இருப்பதும் எங்கள் வேலைதான் என்பதை நான் அந்த வாங்கில் இருந்துதான் படித்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மரத்தின் நிழல் என் கால்வரை வந்துவிட்டது. பொட்டடியில் சருகு நொறுங்கியது. வல்லிபுரம் முகம் கழுவியிருந்தார், கண் மட்டும் சிவந்திருந்தது. தோளில் ஒரு சாக்கு. அதைத் தம்பியின் காலடியில் இறக்கினார். விதை வெங்காயம்.

“நடுகைக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு” என்றார். “எழும்பு. நாளைக்குத் தண்ணி உன்ரை முறை.”

அந்த ஆறு பரப்பு என்ன ஆகும் என்று தம்பி கேட்டார். அது என்ரை யோசினை என்றார் அண்ணன். கனகலிங்கம் கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து எழுந்தார். சாக்கின் வாயை அவிழ்த்து ஒரு வெங்காயத்தை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்து, கொஞ்சம் காய்ச்சல் காணாது, இன்னும் இரண்டு நாள் வெயிலில் போட்டிருக்கலாம் என்றார். வல்லிபுரம் உடனே, அதெல்லாம் காணும் என்றார்.

யோகம் என்னை ஒழுங்கை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தா. நான் திரும்பவும் பிழை என்ரை அக்கா என்றேன். அவா தலையை ஆட்டினா.

“நான் ஆஞ்சநேயருக்கு நேர்த்தி வைச்சனான். நீங்கள் வந்தனீங்கள். இதிலை என்ன பிழை ரீச்சர்?”

அவா என்னைத் தன் வழக்கில் மன்னித்துவிட்டா. நான் என் வழக்கில் என்னை மன்னிக்கவில்லை, அது நல்லதென்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் இரண்டு விடயம் செய்தேன். வைத்தியர் சொல்வதைச் சுருக்குவதில்லை. பின்னால் எத்தனை பேர் நின்றாலும், மழை எவ்வளவு பெய்தாலும், சொன்னது முழுக்கப் போக வேண்டும். மற்றது, சொல்லி முடித்ததும் கோவையை மூடிவைத்துவிட்டு, நான் சொன்னதை உங்கள் வாயால் ஒருக்கால் சொல்லுங்கோ என்று கேட்பேன். சிலர் வெட்கப்படுவார்கள். சிலர், எனக்கென்ன சோதனையா என்று சினப்பார்கள். கேட்டுப் பாருங்கள். நீங்கள் கொடுத்தது ஒன்றாகவும் அவர்கள் வாங்கியது வேறொன்றாகவும் எத்தனை தடவை இருக்கிறது என்று கண்டு பயந்துபோவீர்கள். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டும். உங்கள் பட்டியலில் உள்ள நீளமான சொற்களைக் கேட்டால் எவரும் நிறுத்தி, அது என்ன என்று விசாரிப்பார்கள். விடு, பார், இரு, போ போன்ற சின்னச் சொற்களை ஒருவரும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள். தங்களுக்குத் தெரிந்த பொருளோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

கனகலிங்கம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்து காட்டினார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய கிழமையும் வந்தார். அந்த முறை பார்த்தவர் வேறொரு நாட்டு வைத்தியர். படத்தைப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் அவரும் அதே சொல்லைத்தான் சொன்னார். நான் முழுவதையும் நிதானமாகத் தமிழில் சொன்னேன். பிறகு வழக்கம் போல, அண்ணை, நான் சொன்னதை உங்கடை வாயாலை சொல்லுங்கோ என்றேன்.

“இரும்பு தன்ரை பாட்டிலை கிடக்கும். நான் என்ரை பாட்டிலை தோட்டம் செய்வன்” என்றார்.

சரி என்றேன். அவர் எழுந்து போகவில்லை. பொத்தானைப் பூட்டிக்கொண்டு, ஒரு கதை சொல்லட்டோ என்றார். அந்த ஏழு கிழமையையும் தான் அடிக்கடி நினைப்பதாகச் சொன்னார். அப்போது தான் நல்ல மனுசனாக இருந்ததாகவும், இப்போது சாவு எங்கேயோ தூரத்தில் இருப்பதால் குருவியைப் பார்க்க நேரமில்லை என்றும் சொன்னார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“பழையபடி தண்ணிக்குச் சண்டைதான் ரீச்சர். ஆனா இப்ப கதைச்சுக் கதைச்சுச் சண்டை பிடிக்கிறம்.”